கரண்ட் கீரி

தலைமையாசிரியையின் மேசைக் கண்ணாடிமேல் அந்தக் கார்டு கிடந்தது. உள்ளங்கை அளவுதான். ஜன்னல் வெயில் அதன் பளபளப்பில் பட்டுக் கூரையில் ஒரு சின்ன வெளிச்சமாக விழுந்திருந்தது. மின்விசிறிக் காற்றில் கார்டு லேசாக அசையும்போதெல்லாம் கூரையில் அந்த வெளிச்சமும் அசைந்தது.

எனக்கு இடது பக்கத்தில் என் மகள் பவித்ரா நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்து ரிப்பன் தோளில் தொங்கியது. அவளுக்கு அந்தப் பக்கம் வகுப்பாசிரியை. எனக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாள். அதன்மேல் மூடியைக் கழற்றித் தயாராக வைத்த பேனா.

"ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க மேடம். இதோட முடிச்சிக்கலாம்," என்றார் தலைமையாசிரியை. கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஏதோ உதவி செய்கிற குரலில்தான் சொன்னார்.

பவி என்னைப் பார்த்தாள். கார்டைப் பார்க்கவில்லை, மிஸ்ஸைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தாள்.

இத்தனை வாரமாக இந்தப் பக்கங்களில் அலுவலகக் கதைகளையும் வீடு மாறிய கதைகளையும் எழுதிக்கொண்டு வந்தேன். மகளைப் பற்றி எழுதியது மொத்தம் மூன்று வரி இருக்கும். "உங்களுக்கு ஒரு பெண் என்று எழுதினீர்களே, அவள் என்ன ஆனாள்?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் சுலபம். நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், நன்றாக இருக்கிறாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை. கேட்காதவரைக்கும் நிம்மதி என்று நானும் இருந்துவிட்டேன்.

வாசற்படி வரைக்கும்

அப்போது அஸ்தினாபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். நான் தாம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். கணவருக்குப் படப்பை தாண்டி ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுவார்.

பவி வீட்டுக்குள் ஓயாமல் பேசுவாள். நான் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று பேசுவாள். சாம்பாரில் எத்தனை முருங்கைக்காய்த் துண்டு, பல்லி ஏன் தலைகீழாக நடக்கிறது, அப்பாவின் மூக்கு ஏன் தூங்கும்போது பெரிதாகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வாசற்படியைத் தாண்டினால் ஒரு சொல் வராது. எல்.கே.ஜி.யில் சேர்த்த நாளிலிருந்து அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் "பிரசன்ட் மிஸ்" கூடச் சொன்னதில்லை. கையை மட்டும் தூக்குவாள்.

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது, சரிசெய்ய வழியும் இருக்கிறது என்பதெல்லாம் ரொம்பப் பிற்பாடு தெரிந்தது. அப்போது எங்களுக்குக் கிடைத்த பெயர்கள் அழுத்தம், திமிர், செல்லம். நாக்கில் வசம்பு உரசித் தடவினோம். திருநீர்மலைக்குப் போய் மணி வாங்கிக் கட்டினோம். கல்யாண வீடுகளில் உறவுக்காரர்கள் அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "ஒரு வார்த்தை பேசு பாக்கலாம், சாக்லேட் தர்றேன்," என்பார்கள். அவள் உடம்பு அப்படியே விறைத்துப்போகும். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பருவத்திலும் கூப்பிட்டு அனுப்புவார்கள். "வாய் திறக்காத குழந்தைக்கு நாங்க எப்படி மேடம் மார்க் போடறது? இவளுக்குத் தோதா வேற ஸ்கூல் இருந்தா பாருங்களேன்." நான் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு பருவம் வாங்கிக்கொண்டு வருவேன். அந்தப் படிகளில் ஏறும்போதே எனக்கு முதுகு கூனிவிடும். பிறகு நடந்ததற்கெல்லாம் அந்தக் கூனல்தான் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். அது பாதிக் காரணம்தான்.

சரத்தில் தொங்கியவை

அந்த வருடங்களில்தான் தெருமுனைப் பங்க் கடைகளில் ஷாம்பு சரங்களுக்குப் பக்கத்தில் கார்டு பாக்கெட்டுகளும் சரமாகத் தொங்க ஆரம்பித்தன. டி.வி.யில் ஓடிய கார்ட்டூன்களைப் பார்த்து யாரோ எங்கேயோ அச்சடித்த சீட்டுகள். பிரித்தால் மண்ணெண்ணெயும் புது பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி ஒரு வாடை வரும். உள்ளே ஐந்தாறு விலங்குகள். தீ கக்கும் ஆந்தை, பனிக்கட்டி நண்டு, பாறை முதுகு எருமை. ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் பலமும், அது அடிக்கும் அடியின் பெயரும், அந்த அடிக்கான எண்ணும் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது மின்சார வகை. அதிலும் ஒரே ஒரு விலங்குக்குத்தான் பளபளப்புத் தாள். நீல உடம்பு, முதுகு நெடுக நிமிர்ந்த மயிர், வால் நுனியில் மஞ்சளாக ஒரு பொறி. அதன் நிஜப் பெயர் ஆங்கிலத்தில் நீளமாக அச்சாகியிருந்தது. பிள்ளைகள் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. கரண்ட் கீரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரைக்கும் அதற்கு அந்தப் பெயர்தான் என்று நினைக்கிறேன்.

மின்வெட்டு அடிக்கடி வந்த காலம். சாயங்காலம் கரண்ட் போனதும் எங்கள் மாடிப்படியில் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். கீழ்வீட்டுக் கார்த்திதான் தலைவன். பவி படிக்கும் பள்ளிக்கூடத்திலேயே ஆறாம் வகுப்பு. அவன் வைத்த சட்டம் ஒன்று உண்டு. கார்டைப் போடும்போது அடியின் பெயரையும் எண்ணையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த அடி செல்லாது.

பவி மேல்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். கூப்பிட்டால் தலையை ஆட்டிவிடுவாள். உள்ளே வந்து என்னிடம், "கார்த்தி தப்புத் தப்பா விளையாடறான்மா, எருமையப் போட்டிருக்கணும்," என்பாள். ஆட்டம் முழுக்க அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஷேர் ஆட்டோ

ஒரு சனிக்கிழமை தாம்பரம் மார்க்கெட்டில் காய் வாங்கிவிட்டுத் திரும்பினோம். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பவி சரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு பாக்கெட் கிழித்துக் கொடுக்கச் சொன்னேன்.

ரயிலில் வந்து குரோம்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ ஏறினோம். நெருக்கியடித்த கூட்டம். என் மடியில் பவி, எதிரே காலிக் கூடையோடு மீன் விற்று முடித்த ஓர் அம்மா. ஆட்டோ கிளம்பியதும் பவி பல்லால் பாக்கெட்டைக் கிழித்தாள். ஒவ்வொரு கார்டாகத் தள்ளினாள். நான்காவது கார்டு வெயிலில் பளிச்சென்று மின்னியது.

"அம்மா, கரண்ட் கீரி."

சத்தமாகச் சொன்னாள். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்த ஆட்டோவில். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மூச்சுவிடப் பயமாக இருந்தது.

மீன்காரம்மா சிரித்தார். "இன்னா பாப்பா, லாட்டரியா வியுந்துச்சி? மூஞ்சி இப்டி மின்னிகினு கீது."

பவி அவரை நேராகப் பார்த்தாள். "இல்ல, கரண்ட் கீரி. நூத்தி இருபது அடி."

"ஆத்தாடி. பத்ரமா வெச்சிக்க."

"ம். வெச்சிக்கிறேன்."

இவ்வளவுதான் உரையாடல். காய்கறிப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அஸ்தினாபுரம் வரும்வரை அழுதேன். வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. அன்று சாயங்காலம் கரண்ட் போனது. பவி கார்டை எடுத்துக்கொண்டு படிக்கு இறங்கினாள். கொஞ்ச நேரத்தில், "இடி வால், நூத்தி இருபது," என்று அவள் குரல் கேட்டது. பிறகு கார்த்தி, "செல்லும், செல்லும், அவ சொல்லிட்டா," என்றான். அவர் சட்டைகூடப் போடாமல் வாசலில் போய் நின்று கேட்டார்.

மூன்று வாரம் அப்படி இருந்தது. பால்காரரிடம் பேசினாள். வீட்டுக்காரம்மாவிடம் தண்ணீர் மோட்டார் போடச் சொன்னாள். ஒருநாள் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் கார்டை வைத்துக்கொண்டே, "இத எடுத்துக்கிட்டுப் போனா ஸ்கூல்லயும் பேசிடுவேன்னு தோணுதும்மா," என்றாள்.

"எடுத்துக்கிட்டுப் போ. மிஸ் கண்ணுல படாம வெச்சிக்கோ," என்றேன். நான்தான் சொன்னேன்.

இரண்டு வரி

அவள் வகுப்பில் அபிஷேக் என்று ஒரு பையன். அவனிடமும் ஒரு கரண்ட் கீரி இருந்ததாம். காணாமல்போய்விட்டதாம். பவியின் பாக்ஸில் அதைப் பார்த்ததும் தன்னுடையது என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டான். மிஸ் கேட்டார். பவி பேசவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார். பேசவில்லை. என் அலுவலகத்துக்குப் போன் வந்தது.

"திருடலைன்னா திருடலைன்னு சொல்ல வேண்டியதுதானே மேடம்? மூணு பீரியடா நிக்க வெச்சுக் கேக்கறேன். கல்லு மாதிரி நிக்கறா," என்றார் மிஸ்.

இது அவளுடையது, என் கண் முன்னால் பாக்கெட்டைக் கிழித்தாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "மேடம், அது வந்து..."

தலைமையாசிரியை கையை உயர்த்தினார். "பாருங்க, இவளுக்காக ஏற்கெனவே மேனேஜ்மென்ட்ல நான் எவ்வளவோ பேசி வெச்சிருக்கேன். இப்ப இதையும் பெரிசு பண்ணி விசாரணை அது இதுன்னு போனா டி.சி. குடுத்துடச் சொல்லுவாங்க. வருஷத்துக்கு நடுவுல எங்க போய்ச் சேர்ப்பீங்க? ஒரு மன்னிப்புக் கடிதம் குடுத்தா என் லெவல்லயே முடிச்சிடுவேன்."

அப்போதுதான் அந்தப் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

நான் தட்டச்சர். விளக்கக் கடிதம், வருத்தக் கடிதம், உறுதிமொழிக் கடிதம் என்று ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளியவள். எதிர்த்துப் பேசிய ஊழியர்கள் என்ன ஆனார்கள், எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதெல்லாம் என் விரல்களுக்குத் தெரியும். பேனாவை எடுத்ததும் வாக்கியம் தானாக வந்தது.

'என் மகள் பவித்ரா சக மாணவனின் பொருளை எடுத்த தவறுக்கு வருந்துகிறேன். இனி இவ்வாறு நிகழாது என உறுதியளிக்கிறேன்.'

முதல் வரியை எழுதும்போது பவியின் உதடு அசைவதைப் பார்த்தேன். அவள் பேச முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறந்தது, காற்று மட்டும் வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் பேச முயன்றது அதுதான் முதல் தடவை. இன்னும் அரை நிமிடம் நான் பேனாவை நிறுத்தியிருந்தால் அந்தக் குரல் வந்திருக்குமா என்று தெரியாது. நான் நிறுத்தவில்லை. இரண்டாவது வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்தில் ஒரு மணி நேரம்தான் அனுமதி வாங்கியிருந்தேன்.

மிஸ் கார்டை எடுத்து அபிஷேக்கைக் கூப்பிட்டுக் கொடுத்தார். கூரையில் இருந்த வெளிச்சம் போய்விட்டது.

மிஸ்கிட்ட சொல்லு

அன்று வீட்டுக்கு வந்ததும் பவி ஒன்றும் பேசவில்லை. கோபம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். தோசை எத்தனை என்று கேட்டால் விரலைக் காட்டினாள். குளியலறைக் கதவுக்கு வெளியே சத்தமே இல்லை. அப்பாவிடம் மட்டும் காதோடு ஏதோ சொல்வாள். நான் உள்ளே நுழைந்தால் நிறுத்திவிடுவாள்.

கார்டுதான் பிரச்சினை என்று எனக்குள் ஒரு கணக்கு. அதே மாதிரி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும். பங்க் கடையில் போய்ச் சரம் சரமாக வாங்கினேன்.

"இன்னாக்கா, நீயே ஆட ஆரம்ச்சிட்டியா?" என்றார் கடைக்காரர். "இந்த வயசுல இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஆந்தையும் நண்டும் எருமையும் குவிந்தன. கீரி வரவில்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டு அபிஷேக்கின் வீட்டைத் தேடிப் போனேன். ராதாநகர்ப் பக்கம் ஒரு காலனி. அவன் அம்மா நல்ல மாதிரி. காபி கொடுத்தார். நான் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்ததும் அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"அதுவா? அவனோடது அன்னிக்கு சாயங்காலமே கெடச்சிடுச்சே. பீரோ பின்னாடி விழுந்து கெடந்துச்சு. மிஸ்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன், மறந்தே போச்சு. இருங்க, உங்களோடத எடுத்துத் தரச் சொல்றேன்."

ஒரே மாதிரி இரண்டு கார்டு. ஒன்றை எடுத்துக் கொடுத்தான் அந்தப் பையன். என்னால் கோபப்படக்கூட முடியவில்லை. அவர்கள் மறந்துபோன விஷயத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து பவியின் கையில் கார்டை வைத்தேன். "பாருடி, உன்னோடது. நீ எடுக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு."

அவள் கார்டைப் பார்க்கவே இல்லை. ரஃப் நோட்டை எடுத்துப் பென்சிலால் எழுதி என் பக்கம் திருப்பினாள்.

'மிஸ்கிட்ட சொல்லு.'

"சொல்றேன்டா. திங்கக்கிழமை வந்து சொல்றேன்."

ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அதான் கார்டு வந்துடுச்சே. திரும்பப் போய் நீங்கதான் தப்பு பண்ணீங்கன்னு சொன்னா அவங்க சும்மா இருப்பாங்களா? டி.சி. கைல குடுத்துடுவாங்க. வருஷம் முடியட்டும்," என்றார். எனக்கு அந்தப் பதில் வேண்டியிருந்தது. அவர் சொல்லாவிட்டால் நானே சொல்லிக்கொண்டிருப்பேன்.

திங்கட்கிழமை பவி யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். ரிக்‌ஷாவில் ஏறவில்லை. எனக்காகக் காத்திருந்தாள். "இன்னிக்கு ஆபீஸ்ல இன்ஸ்பெக்‌ஷன்டா, அடுத்த வாரம்," என்றேன். அடுத்த திங்கட்கிழமையும் நின்றாள். அன்றைக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மூன்றாவது திங்கட்கிழமை நான் தலை வாரிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் ரிக்‌ஷாவில் ஏறிப் போயிருந்தாள்.

அந்த வாரம் கார்த்தி கார்டோடு மேலே வந்தான்.

"ஆன்ட்டி, பவி இத எனக்குக் குடுத்துட்டா. நிஜமாவே வேணாமான்னு கேட்டேன், தலைய ஆட்டிட்டா. வெச்சிக்கலாமா ஆன்ட்டி?"

"வெச்சிக்கோ."

அவன் போகாமல் நின்றான். "ஸ்கூல்ல அவளத் திருடின்னு கூப்பிடறாங்க ஆன்ட்டி. அவ திருடலன்னு நான் சொன்னேன். அவங்கம்மாவே எழுதிக் குடுத்துட்டாங்களேன்னு சொல்றாங்க."

நான் உள்ளே வந்து குக்கரில் அரிசி வைத்தேன். தண்ணீர் அளந்து ஊற்றினேன்.

அதன் பிறகு

அந்த வருடம் முடிந்தது. வேறு பள்ளிக்கூடம் மாற்றினோம். குரோம்பேட்டையில் ஒரு டாக்டரம்மா கிடைத்தார். அவர் பொறுமையாக இரண்டு வருடம் பார்த்தார். முதலில் அவரிடம் பேசினாள், பிறகு தோழி ஒருத்தியிடம், பிறகு வகுப்பில். ஒன்பதாவது படிக்கும்போது மேடையில் ஏறி அறிவியல் கண்காட்சி பற்றிப் பேசினாளாம். என் கணவர் போய்க் கேட்டுவிட்டு வந்தார். நான் வருவதாக இருந்தால் பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

டாக்டரம்மாவிடம் ஒருநாள் கேட்டேன், "என்கிட்ட எப்ப டாக்டர் பேசுவா?"

"காத்திருங்கம்மா. வற்புறுத்தாதீங்க," என்றார். நான் எழுந்ததும், "மத்தவங்கள்லாம் அவளுக்குப் புதுசு. நீங்க புதுசு இல்லையே," என்றார்.

இப்போது அவளுக்கு நாவலூரில் வேலை. தோழிகளோடு ஃபிளாட் எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஒரு தோழி என்னிடம் போனில், "ஆன்ட்டி, உங்க பொண்ணு வாய மூடவே மாட்டா," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பாவோடு கூடத்தில் பேசிக்கொண்டிருப்பாள். நான் அடுப்படியிலேயே இருந்துகொள்வேன், பேச்சு நிற்க வேண்டாமே என்று. என்னை வெறுக்கிறாள் என்று சொல்ல முடியாது. என் மாத்திரைகளை வாரக் கணக்கில் பிரித்து டப்பாவில் போட்டு வைக்கிறாள். மூட்டுவலித் தைலம் தீருமுன் வாங்கிவிடுகிறாள். என்ன தேவையோ அதைப் போனில் எழுதி அனுப்புகிறாள். 'மாத்திரை போட்டாச்சா', 'நாளைக்கு மழை, துணி எடுத்துடு'. குரல் மட்டும் எனக்குக் கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம், அந்தப் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கட்டடத்துக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள். அந்தத் தலைமையாசிரியை இல்லை. மிஸ் வேலையை விட்டு மகனோடு வெளியூர் போய்விட்டாராம். அலுவலகத்தில் ஓர் இளைஞர் இருந்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"அவ்ளோ பழைய ஃபைலெல்லாம் இல்ல மேடம். வெள்ளத்துல கீழ் ரூம் ஃபுல்லா போயிடுச்சு. அந்த லெட்டரே இருக்காது. கவலைப்படாதீங்க."

"நான் அத வாங்க வரல சார். அது பொய்னு எழுதிக் குடுக்க வந்தேன்."

அவர் என்னைப் பார்த்துவிட்டு ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். அந்தக் கார்டு என் மகளுடையது, அவள் எதையும் எடுக்கவில்லை, தெரிந்தே நான்தான் பொய் எழுதிக் கொடுத்தேன் என்று. இதுவும் இரண்டே வரியில் முடிந்துவிட்டது. அவர் படித்தார். எதில் சேர்ப்பதென்று தெரியாமல் ஒரு தட்டில் வைத்தார். இன்னொரு தாளில் நகல் எழுதி, அதில் முத்திரை போட்டுத் தரக் கேட்டேன். போட்டுக் கொடுத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று அதைப் படம் எடுத்துப் பவிக்கு அனுப்பினேன். கூட ஒன்றும் எழுதவில்லை. பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக இரண்டு கோடும் நீலமாயின. அங்கேயே நின்றேன். மத்தியான மணி அடித்துப் பிள்ளைகள் சாப்பாட்டுக் கூடையோடு ஓடி வந்தார்கள். அவர்கள் சாப்பிட்டு முடித்து உள்ளே போகும்வரை நின்றுவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலையில் அவளிடமிருந்து வந்தது. 'கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சு. நாளைக்கு வரும். வீட்டுல இரு.'

சரி என்று எழுதினேன். சொன்ன நாளில் கேஸ் வந்தது. வீட்டில் இருந்து வாங்கி வைத்தேன்.